வாழைமர நோட்டும் வட்டிக்கடைப் பேரேடும்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை முதுகலை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தது இது. மறுநாள் காலை மாணவர் ஒருவர் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பத்து டாலர் நோட்டு. நடுவே குலை தள்ளிய வாழைமரம். "எங்கப்புச்சியோட அய்யன் மலேயாவிலிருந்து கொண்டாந்ததுங்க ஐயா. ஒரு தகரப்பெட்டி நெறைய இருந்துதாமுங்க. மிச்சமெல்லாம் எலி கடிச்சுப்போச்சு" என்றார். தாராபுரம் பக்கத்துக் குடும்பம். பால்மரம் வெட்டப் போனவர் அந்தப் பெரியவர். போருக்குப் பிறகு இந்தப் பெட்டியோடு ஊர் திரும்பியிருக்கிறார். என்றைக்காவது இந்தப் பணம் செல்லும் என்று சாகும்வரை நம்பினாராம்.

"ஆயிரம் ரூபாய் நோட்டைச் செல்லாதுன்னு அறிவிச்ச மாதிரிங்களா ஐயா?" என்று இன்னொரு மாணவி கேட்டார். இல்லை என்றேன். 2016 நவம்பர் 8 இரவு அறிவித்தபோது, டிசம்பர் 30 வரை வங்கி வாசலில் நின்று கணக்கில் செலுத்த வழியாவது இருந்தது. நின்றவர்களின் துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பீளமேட்டிலும் வரிசைகள் தெருமுனையைத் தாண்டி நீண்டதைப் பார்த்தவன்தான். ஆனால் 1945 செப்டம்பரில் மலேயாவில் வரிசை கூடக் கிடையாது. திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் ஜப்பானியப் பணத்தை ஏற்கவில்லை. அவ்வளவுதான். தகரப்பெட்டி, தகரப்பெட்டியாகவே இருந்துவிட்டது.

அந்த நோட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த நாவலைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். அதன் மொழி, நனவோடை, மதுரையும் மெடானும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் நினைவு அடுக்குகள், இந்திய தேசிய ராணுவம் எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன். அந்தப் பணம் என்ன ஆயிற்று, அந்தக் கடன்கள் என்ன ஆயின என்ற கேள்வியை ஒருமுறையும் எழுப்பியதில்லை. நம் விமரிசகர்களும் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சிங்காரமோ வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். சிங்கம்புணரியில் பிறந்து, பதினெட்டு வயதளவில் மெடானுக்குப் போய், போர் முடிந்து ஊர் திரும்பியவர். பற்றும் வரவும் அவருக்கு உவமைகள் அல்ல, பிழைப்பு. 1959-இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' நாவலின் முடிச்சே அதுதானே? பட்டாளத்துக்குப் போய்வந்த செல்லையா இனி வட்டித்தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முதலாளி தன் மகளைக் கொடுக்க மறுக்கிறார். அதைக் காதல் தோல்விக் கதையாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். போர் கலைத்துப்போட்ட ஒரு கணக்கு வழக்கை மீண்டும் அடுக்கிவைக்க முயலும் மனிதரின் பிடிவாதம் அது என்றும் படிக்கலாம்.

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. தங்கள் டாலர் நோட்டுகளை அவர்கள் உடன் கொண்டுவந்தார்கள். பழைய மலேயா டாலரும் புதிய ஜப்பானிய டாலரும் ஒன்றுக்கு ஒன்று என்றார்கள். வாங்க மறுப்பவனைக் கெம்பித்தாய் கவனித்துக்கொண்டது. பின்னாளில் நோட்டுகளுக்கு வரிசை எண்கூட இல்லை, தேவைப்பட்டபோதெல்லாம் அச்சடித்தார்கள். அரிசி விலை மாதத்துக்கு மாதம் ஏறி, 1945-இல் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் போனது. பழைய மலேயா நோட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை மண்ணுக்குள் புதைத்தார்கள்; புதியது வந்தால் அன்றைக்கே தள்ளிவிடப் பார்த்தார்கள். நல்ல பணம் ஒளிந்துகொள்ளும், கெட்ட பணம் தெருவில் நடமாடும் என்பதற்குப் பொருளாதாரப் பாடநூல் தேவைப்படாத காலம்.

தள்ளிவிட எளிய வழி ஒன்று இருந்தது. பழைய கடனை அடைப்பது.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் செட்டியார் கிட்டங்கிகளில் சம்மணமிட்டு உட்கார்ந்து தொழில் செய்தவர்களின் பேரேடுகளில், போருக்கு முன் கொடுத்த கடன்கள் மலேயா டாலரில் எழுதப்பட்டிருந்தன. ரப்பர்த் தோட்டங்களும் கடைகளும் வீடுகளும் அவற்றுக்கு ஈடு. ஒரு பேச்சுக்கு, 1940-இல் ஐயாயிரம் டாலர் வாங்கியவர் 1944 கடைசியில் சில மூட்டை அரிசியையோ சில பன்றிகளையோ விற்று ஐயாயிரம் ஜப்பானிய டாலரோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலாள் என்ன செய்வார்? வேண்டாம் என்று சொன்னால் ஜப்பானியப் பணத்தை அவமதித்த குற்றம். வாங்கினால் ஒரு தோட்டத்தின் விலை சில மூட்டை அரிசியின் விலையாகிவிடும். வாங்கிக்கொண்டார்கள். அடமானப் பத்திரம் திரும்பிப் போயிற்று. நில அலுவலகத்தில் ஈடு நீக்கம் பதிவாயிற்று.

போர் முடிந்ததும் எழுந்த கேள்வி எளிமையானது. கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? எதிரி ஆண்ட காலத்தில், எதிரி அச்சடித்த தாளில் செலுத்திய பணம், பணம்தானா?

ஆசியாவின் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இதற்கு ஒரே பதிலைத் தரவில்லை. 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், கைப்பற்றிய நாட்டில் பொது ஒழுங்கைக் காக்க வேண்டும், தனியார் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கின்றன. நாணயம் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நிரப்பினர். 1947-இல் ரங்கூன் உயர்நீதிமன்றம், கோ மாங் டின் – ஊ கோன் மான் வழக்கில், நாட்டின் நாணயத்துக்கு இணையாக இன்னொரு நாணயத்தை வெளியிட ஜப்பானிய ராணுவத்துக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மணிலாவின் உச்ச நீதிமன்றம், ஹா பியா – சைனா பேங்கிங் கார்ப்பரேஷன் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது: ஆக்கிரமிப்பாளனுக்கு ராணுவ நோட்டு வெளியிடும் அதிகாரம் உண்டு, அதில் செலுத்திய கடன் தீர்ந்த கடனே. ஒரே படை, ஒரே வகைத் தாள், ஓராண்டு இடைவெளி, இரண்டு நீதிகள்.

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் நீதிபதிகளிடம் விடாமல் 1948-இல் சட்டமே இயற்றினார்கள். ஆக்கிரமிப்புக் காலக் கடனாளி – கடன் கொடுத்தோர் சட்டம் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதன் சாரம் இரண்டு பகுதி. போருக்கு முந்தைய கடனை ஜப்பானிய நோட்டில் அடைத்திருந்தால், பொதுவாக, நோட்டில் அச்சடித்த தொகைக்கே கடன் தீர்ந்தது. நோட்டு சீரழிந்துவிட்ட பிந்தைய காலத்தில் கட்டாயத்தின் பேரில் செலுத்திய பெரிய தொகைகள் போன்றவற்றுக்குச் சில விதிவிலக்குகள். ஆக்கிரமிப்பின்போது வாங்கி, இன்னும் அடைபடாமல் நிற்கும் கடன் என்றால், வாங்கிய காலத்தில் நோட்டுக்கு இருந்த உண்மை மதிப்பைப் பார்த்து, சட்டத்தின் அட்டவணைப்படி மலேயா டாலருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1942-இல் வாங்கியது ஏறக்குறைய முழு மதிப்பு. அங்கிருந்து சரிந்து சரிந்து, 1945 ஆகஸ்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

செட்டியார்கள் கொதித்தார்கள். நியாயம்தான். ஆனால் இச்சட்டத்தை முழுக்க அநீதி என்று நான் சொல்லமாட்டேன். 1943-இல் பணத்தைத் திரும்பப் பெற்றவர், அதைப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கவில்லை. அரிசி வாங்கினார், மறுபடியும் வட்டிக்கு விட்டார், சிலர் நிலமும் வாங்கினார்கள். ஈடு நீங்கிய தோட்டம் அதற்குள் இரண்டு கை மாறியிருக்கும். அத்தனையையும் பின்னோக்கிப் பிரிக்கப் போனால் மலேயாவில் ஒரு பட்டாவும் நிலைத்திருக்காது. கடனைச் சட்டம் கைவைத்துத் திருத்துவதும் நமக்குப் புதிதல்ல. 1938-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிலுவை வட்டியைத் தள்ளியபோது எங்கள் கொங்குநாட்டுக் குடியானவர்கள் மகிழ்ந்தார்கள். வட்டிக்கு விட்டவர்கள் இதே போலத்தான் கொதித்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, தோற்ற தெற்கு மாநிலங்களின் நோட்டுகளில் எழுதிய ஒப்பந்தங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்று, அவற்றின் உண்மை மதிப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கச் சொன்னது. அந்தத் தார்ரிங்டன் – ஸ்மித் வழக்கின் நிழல் 1948-இன் அட்டவணையிலும் விழுந்திருக்கிறது. தோற்ற அரசு முறைகேடானதாக இருக்கலாம். அதன் கீழ் வாழ்ந்த மக்கள் உப்பும் அரிசியும் வாங்கித்தானே ஆகவேண்டும் என்பது அந்த வாதம். மனிதத்தன்மையுள்ள வாதம்.

என் வழக்கு வேறு. இந்த மனிதத்தன்மை பத்திரம் வைத்திருந்தவனோடு நின்றுவிட்டது.

எண்ணிப் பாருங்கள். 1943 நடுவில் ஒருவர் மற்றொருவரிடம் நூறு ஜப்பானிய டாலர் கடன் வாங்கி, புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். 1948-இல் சட்டம் அட்டவணையைப் புரட்டி, அந்த நூறுக்கு மலேயா டாலரில் இவ்வளவு என்று மதிப்புச் சொல்லிற்று. அதே மாதத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி நூறு டாலர் கூலி பெற்று, செலவழிக்காமல் மூங்கில் குழாயில் சுருட்டிவைத்தார். அதே மாதம், அதே நோட்டு. ஆனால் அவருக்கு அட்டவணை இல்லை. கடன் என்பது இரு மனிதருக்கு இடையிலான உறவு, அது தாளைத் தாண்டி உயிரோடிருக்கும். நோட்டு வெறும் தாள், வெளியிட்டவன் வீழ்ந்ததும் அது செத்தது என்று வழக்கறிஞர் விளக்குவார். தர்க்கப்படி குற்றம் சொல்ல முடியாது. விளைவு என்னவென்றால், எழுதத் தெரிந்தவன், சாட்சி வைக்கத் தெரிந்தவன், முத்திரைத்தாள் வாங்கத் தெரிந்தவன் சட்டத்தின் கண்ணில் பட்டான். கங்காணி கையால் கூலி வாங்கிச் சுருட்டி வைத்தவன் படவில்லை.

எல்லா நோட்டையும் மாற்றிக் கொடுத்திருந்தால் பொருளாதாரமே குலைந்திருக்கும், அதிக நோட்டு வைத்திருந்தவர்கள் கள்ளச்சந்தைக்காரர்களும் ஜப்பானியருக்கு ஒத்தாசை செய்தவர்களும்தானே என்பார்கள். உண்மை. ஆகவே வேறு வழியே இல்லை என்று அடுத்து சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. மலாக்கா நீரிணையைக் கடந்து அந்தப் பக்கம் பார்த்தால் போதும். டச்சு நிர்வாகம் 1946 மார்ச்சில் ஜாவாவில் ஜப்பானியப் பணத்துக்கு நூற்றுக்கு மூன்று என்று விலை வைத்தது. சுகர்னோவின் குடியரசு 1946 அக்டோபரில் தன் சொந்த ரூபாயை வெளியிட்டபோது, ஜாவாவில் ஐம்பது ஜப்பானிய ரூபாய்க்கு ஒன்று, ஜாவாவுக்கு வெளியே நூற்றுக்கு ஒன்று என்று மாற்று விகிதம் அறிவித்தது. அற்பத் தொகைதான். ஆனாலும், நீ உழைத்தது பொய்யல்ல என்று ஓர் அரசு தன் குடிமகனிடம் சொன்ன தொகை. கஜானாவில் எதுவுமில்லாமல் போரிட்டுக்கொண்டிருந்த குடியரசால் முடிந்தது, ரப்பரும் ஈயமும் விளையும் மலேயாவைத் திரும்பப் பெற்ற பிரிட்டனால் முடியாமல் போனதா? சிங்காரத்தின் பாண்டியன் மெடானுக்கும் பினாங்குக்கும் போய்வருகிறான். இரண்டு ஊருக்கும் இடையில் உள்ள நீர் அவ்வளவு அகலமானதல்ல.

மாணவர் கொண்டுவந்த நோட்டில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. இதைக் கொண்டுவருபவருக்கு, கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்களிக்கிறது என்று. ஆக, சட்டம் சொல்வது சரியென்றே வைத்துக்கொண்டாலும், நோட்டும் ஒரு கடன்பத்திரம்தான். கடனாளி ஜப்பான். கடன் கொடுத்தவர் தாராபுரத்துப் பெரியவர். அந்தக் கடனை யார் தள்ளுபடி செய்தது?

பெயர் சொல்ல முடியும். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் நேச நாடுகள், அந்த ஒப்பந்தம் வகுத்த சிலவற்றைத் தவிர, ஜப்பான் மீதான தங்கள் கோரிக்கைகளையும் தங்கள் குடிமக்களின் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுத்தன. மலேயா அப்போது பிரிட்டனின் கீழ். அதற்காகக் கையெழுத்திட்டது லண்டன். இந்தியா அங்கே கையெழுத்திடவில்லை. 1952 ஜூன் 9 அன்று டோக்கியோவில் தனி ஒப்பந்தம் செய்துகொண்டு, இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. ஆசிய நாடொன்றை அவமானப்படுத்தக் கூடாது என்ற நேருவின் பெருந்தன்மையாக நம் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லும். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மையின் விலையில் ஒரு பங்கு சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறியவர்களின் கூலி. அவர்களை யாரும் கேட்கவில்லை. ஹாங்காங் மக்கள் தங்களிடம் திணித்த ராணுவ யென் நோட்டுகளோடு டோக்கியோ நீதிமன்றத்துக்கே போனார்கள். 1999-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. தோற்றார்கள், ஆனால் வழக்காவது போட்டார்கள்.

நோட்டையாவது பார்க்கக் கிடைத்தவர்கள் இவர்கள். சயாம் மரண ரயில்பாதைக்குப் போனவர்களின் கணக்கு இதைவிடக் கொடிது. நல்ல கூலி, இலவச ரயில் பயணம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று மலேயாத் தோட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் தமிழர். பர்மாவுக்குள் செல்லும் 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, காலராவிலும் பசியிலும் புண்ணழுகியும் செத்தவர்களை எண்ணக்கூட ஆளில்லை. சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவு அந்தப் பாதையில் துன்புற்ற நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக, இழப்பீட்டுக்கு வழி செய்தது. பக்கத்தில் மண் சுமந்த தமிழனுக்கு அதில் இடமில்லை. அவன் கைதி அல்லவே, கூலிக்காரன். 'தானே விரும்பி' வந்தவன். அவனுக்கு வரவேண்டிய கூலி பாக்கியும் சட்டப்படி கடன்தான். 1948 சட்டத்தின்படி அதை வசூலிக்கக் கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைக்க வேண்டும். கடனாளி, கலைக்கப்பட்ட ஒரு ராணுவம்.

இவை பழங்கதை அல்ல. 1994-இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் எங்கள் தலைமுறைத் தமிழர்கள் பணம் போட்டார்கள், நகை அடகு வைத்தார்கள். 2009 மேயில் அந்த நிர்வாகமே இல்லாமற்போனது. அது எதிரி ஆக்கிரமிப்பு அல்ல, சட்டத்தின் பார்வையில் வேறு வழக்கு என்பதை அறிவேன். ஆனால் அடகுச்சீட்டைப் பத்திரமாய் வைத்திருக்கும் பெண்ணின் நிலைமை ஒன்றுதான். ராணுவம் கைப்பற்றிய தங்கத்தின் ஒரு பகுதி 2025 மே மாதம்தான் உரியவர்களைக் கண்டறியக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள். சீட்டு வைத்திருப்பவளுக்கு வாய்ப்பு உண்டு. முள்ளிவாய்க்காலுக்கு நடந்துபோன வழியில் சீட்டைத் தொலைத்தவளுக்கு?

இலக்கியத்தின் வேலை இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். சட்ட அறிக்கைகளில் செட்டியார்களின் பெயர்கள் விலாசத்தோடு, வழக்கு எண்ணோடு பதிவாகியுள்ளன. அவர்களின் இழப்பும் இழப்பே. பர்மாவில் போருக்கு முன் கீழ்ப்பர்மா நெல்வயல்களில் கால் பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. அந்தச் சரிவைப் பற்றி ஆய்வுகள் உண்டு, குடும்ப வரலாறுகள் உண்டு, காரைக்குடி வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களே சாட்சிக்கு நிற்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு எந்தத் தூணும் இல்லை. அவரை எழுதிய நம் கதைகளோ அவரைக் கண்ணீராகவோ வீரமாகவோ மட்டுமே பார்த்தன: ஒன்று ரயில்பாதை, அல்லது நேதாஜி. கூலி எவ்வளவு, அதை எங்கே வைத்தார், ஊருக்கு எப்படி அனுப்ப நினைத்தார், 1945 செப்டம்பரில் கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொன்னார் என்று கேட்டவர்கள் குறைவு. சிங்காரம் கடைத்தெருவை அறிந்தவர் என்பதாலேயே அவரிடம் இந்தத் தடங்கள் கிடைக்கின்றன. அவருடைய பார்வையும் பெட்டியடியிலிருந்து பார்த்ததுதான், கித்தா மரத்தடியிலிருந்து அல்ல.

அந்த மாணவரிடம் வகுப்பு முடிந்தபின் பேசினேன். அப்புச்சியின் அய்யன் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் பெரியம்மா ஒருவர் மூலனூரில் இருக்கிறாராம், தொண்ணூறு வயதை நெருங்குகிறார், நினைவு நன்றாக இருக்கிறதாம். பொங்கல் விடுமுறையில் போய்க் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். நோட்டை நான் திருப்பிக் கொடுத்தபோது, பழைய நாணயம் விற்பவரிடம் விசாரித்ததாகச் சொன்னார்.

"நூறு ரூவாய்க்கும் கம்மியாத்தான் போகுமுங்களாம் ஐயா. இது நெறையக் கெடைக்குதாமுங்க."

நிறையக் கிடைக்கத்தான் செய்யும்.